அத்தை தூங்கிய பாலே

என் ஆயுசில் நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு பாலே நடனம்தான். அதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போன அத்தை, அரங்கத்தில் விளக்கு அணைந்ததும் தூங்கிப் போனவள், ஆட்டம் முடிந்து மறுபடி விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை. ஆரணியிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனது இந்தத் தூக்கத்துக்குத்தானா என்று அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்போது கோபமெல்லாம் இல்லை. அலுப்புதான் இருக்கிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் எழுந்து முழங்காலை நீட்டி மடக்க வேண்டியிருக்கும். அத்தையின் முழங்கால் வலி எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்ட சீதனம் அது ஒன்றுதான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். தறியில் குறுக்கே போய் வருகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பது அத்தையின் வேலை. தார் சுற்றுவது என்போம். காலையில் காப்பி குடித்ததும் ராட்டைக்கு முன்னால் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்காருவாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு "யப்பா தேவுடா" என்பாள். உட்காரும்போதும் அதையேதான் சொல்வாள். அத்தை வாயிலிருந்து ஒரு நாளைக்கு வருகிற பேச்சில் பாதி இந்த "யப்பா"தான். கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடித் தூங்க அவளால் முடியும். நூல் மட்டும் அறாது. அது என்ன வித்தையோ.

அத்தையைத் தெள்ளாரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலைந்து வருஷம் அங்கே இருந்துவிட்டு ஒருநாள் துணிப்பையோடு வந்து இறங்கினாள். திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்த ஊர்த் தண்ணி அவளுக்கு ஒத்துக்கல" என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன். தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் போனதற்காகத் தெள்ளார் மாமா ஏன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார், அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு நைனா ஏன் சாப்பிடாமல் எழுந்து போனார் என்றெல்லாம் கேட்கிற வயசு எனக்கு இல்லை. ஒன்பது வயசுப் பெண்ணுக்குத் தண்ணீர்க் காரணம் போதுமானதாக இருந்தது.

பாலே எங்கள் வீட்டுக்கு வந்தது புத்தக அட்டையாக. நெசவாளர் சங்கத்துக்காரர் ஒருவர், மாமா என்று கூப்பிடுவேன், மாதாமாதம் ஒரு ரஷ்யப் பத்திரிகையைக் கொண்டுவந்து திணிப்பார். தமிழில்தான் இருக்கும். யாரும் படித்ததில்லை. ஆனால் தாள் நல்ல வழவழப்பு, கெட்டி. எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருடைய பாடப் புத்தகங்களும் டிராக்டர்களையும் அணைக்கட்டுகளையும் போர்த்திக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகும். என் விஞ்ஞானப் புத்தகத்துக்கு டிராக்டர் வரவில்லை. வெள்ளைப் பாவாடை விரிந்து நிற்க, ஒற்றைக்கால் விரல் நுனியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கால் பின்னால் ஆகாயத்தில் இருந்தது. முகத்தில் வலி இல்லை. எங்கள் வீட்டில் காலைப் பற்றிப் பேசினாலே வலியைப் பற்றித்தான் பேசுவார்கள். காலை வைத்துக்கொண்டு சந்தோஷமாகக்கூட இருக்கலாம் என்பதை நான் அந்த அட்டையில்தான் பார்த்தேன்.

அப்புறம் நான் குதிகாலைத் தரையில் வைக்கவில்லை. கழித்துப் போட்ட பட்டு நூலைப் பந்தாக உருட்டி, கந்தல் துணியில் வைத்துக் கால் விரல்களோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். அடுப்படிக்கும் தறிக்கும் நடுவில் அப்படியே நடப்பேன். நடந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே பொருத்தம். அம்மா, "கொக்காட்டம் நடந்துகினு! சுளுக்கிச்சுன்னா நான் எண்ணெ தேய்க்க மாட்டேன், பாத்துக்கோ" என்பாள். நைனா குழிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தாமல், "கால் நோவு தானா வரும். இன்னாத்துக்கு இப்பவே இஸ்து உட்டுக்கற?" என்பார். அத்தை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் சங்கத்து மாமா கையில் ஒரு பாஸோடு வந்தார்.

"அண்ணே, ரஷ்யாவுலேர்ந்து ஆட்டக்காரங்க மெட்ராசுக்கு வந்துகீறாங்க. வர்ற ஞாயித்துக்கிழம மத்தியானம் குடும்ப நாளாம். புள்ளைங்களும் பெத்தவங்களும் மட்டும். ஆட்டம் முடிஞ்சதும் புள்ளைங்கள மேடை மேலயே ஏத்தி ஆட வெப்பாங்களாம். நம்ம பொண்ணுதான் கால ஊணாமலே திரிஞ்சிகினு கீதே, இட்டுகினு போயி காட்டுங்க."

மேடை மேல் ஏற்றுவார்கள் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. நைனா சொன்னதுதான் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமயா? அன்னிக்கித்தான பாவு ஏத்தறோம்."

தறிக்காரர் வீட்டுக்கு அமாவாசைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சர்க்கார் உத்தியோகக்காரர்களுக்கு. தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற நூல்தான் பாவு. புதுப் பாவு ஏற்ற முதலாளி நல்ல நேரம் பார்த்துச் சொன்ன நாளும் அந்த ஞாயிறுதான். கல்யாணப் புடவை, மாற்ற முடியாது. நைனா நகர முடியாது. அம்மாவும் நகர முடியாது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளைப் பிணைப்பதற்கு முன்னால் தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி, முதல் இழையை அம்மாதான் முடிய வேண்டும். பிள்ளை பெற்ற கை முடிந்தால் பாவு சிக்கில்லாமல் ஓடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதே வழக்கத்தின் மறுபாதி, பிள்ளை பெறாத பெண் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்பது. யாரும் அத்தையிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பாவு ஏற்றுகிற நாளில் அவளே விடியற்காலையில் குளித்துவிட்டு, பெருமாள் கோயிலுக்கோ முள்ளிப்பட்டில் இருந்த ஒரு உறவுக்கார வீட்டுக்கோ கிளம்பிப் போய்விடுவாள். சாயங்காலம் வந்து, அந்தப் பாவுக்கு வேண்டிய தார் அத்தனையையும் அவளே உட்கார்ந்து சுற்றுவாள். அவள் கை ஆகாது. அவள் சுற்றிய நூல் ஆகும். இப்போது எழுதும்போது வயிறு எரிகிறது. அப்போது எனக்கு இருந்தது பொறாமைதான். எல்லோரும் வேலை செய்கிற நாளில் அத்தைக்கு மட்டும் லீவு விடுகிறார்களே என்று.

நான் அழுதேன். சாதாரணமாக அழவில்லை. தறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மிதிக்க முடியாமல் நைனா தறியை நிறுத்தினார். தறிச் சத்தம் நின்ற அந்த நேரத்தில், ராட்டை பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"நான் இட்டுகினு போறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தைக்குப் போய் வந்தாலே ரெண்டு நாள் புலம்புகிறவள் அவள்.

"நீயா? மெட்ராசுக்கா?" என்றார் நைனா.

"நான்தான் அன்னிக்கி ஊட்ல இருக்கறதில்லியேண்ணா. முள்ளிப்பட்டுக்குப் போறதுக்கு மெட்ராசுக்குப் போறேன்."

சங்கத்து மாமா பிடரியைச் சொறிந்தார். "பெத்தவங்க மட்டும்னு போட்டுகீதும்மா" என்று இழுத்தார். பிறகு அவரே, "கேட்ல கேட்டா அம்மான்னு சொல்லிடுங்க. சர்ட்டிபிகேட்டா கேக்கப் போறான்?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் கை ராட்டைப் பிடியிலேயே இருந்தது. ராட்டை சுற்றவில்லை.

அம்மா அத்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வாசல்ல கேட்டாங்கன்னா அத்தைய அம்மான்னு சொல்லு. உள்ள போற வரைக்குந்தான், தெரியுதா?"

"ஆமா அண்ணி. உள்ள போற வரைக்குந்தான்" என்றாள் அத்தை.

சனிக்கிழமை ராத்திரி நான் தூங்கப் போகும்போதும் அத்தை தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஊரில் இல்லாததற்கு முன்கூட்டியே சுற்றி வைக்க வேண்டுமே. விடிவதற்கு முன்னால் அம்மா என்னை எழுப்பியபோது அத்தை குளித்து, கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். தெள்ளாரிலிருந்து வந்த பிறகு அந்தப் புடவை பெட்டியை விட்டு வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை. அம்மா எனக்குப் பூ வைத்துவிட்டு, மீதிப் பூவை அத்தையின் தலையில் வைத்தாள். அத்தை "எனக்கு இன்னாத்துக்கு அண்ணி" என்றாள். ஆனால் எடுக்கவில்லை.

பஸ் ஆற்காடு தாண்டுவதற்குள் நான் வாந்தி எடுத்தேன். அத்தை தன் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். கல்யாணப் புடவை முந்தானை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர் அதோடு தீர்ந்தது. எனக்கு உடனே கவலை வந்துவிட்டது.

"அத்த, நீ மெட்ராஸ் தண்ணி குடிக்காத. உனுக்குத் தண்ணி ஒத்துக்காது" என்றேன்.

அத்தை முந்தானையின் நனைந்த பக்கத்தை உள்ளே மடித்தாள். "சரி, குடிக்கல" என்றாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, "எங்க, ஒரு வாட்டி சொல்லிக் காட்டு. அங்க போயி மறந்துட்டேன்னா பேஜாரு" என்றாள்.

"இன்னா சொல்றது?"

"அதான். கேட்ல சொல்லணுமே."

பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் எனக்கு வெட்கமாக இருந்தது. மெதுவாக, "அம்மா" என்றேன்.

"கேக்கல."

"அம்மா!"

"ம்" என்றாள் அத்தை. அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும், மறந்துவிட்டேனா என்று மறுபடி கேட்டாள். மறக்கவில்லை என்றேன். சொன்னால்தானே தெரியும் என்றாள். வாலாஜா தாண்டியும் அது நிற்கவில்லை. மேடையில் ஆடப் போகிற நான் ஆட்டத்தைப் பழகாமல் "அம்மா" என்ற சொல்லையே பழகிக்கொண்டு போனேன். அலுத்துப் போய், "அதான் வந்துருச்சே, எத்தினி வாட்டி சொல்றது?" என்று சலித்துக்கொண்டேன். அத்தை விட்டுவிட்டாள். முன் சீட்டுக்கார அம்மா திரும்பி, "உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. ஒரே பொண்ணு" என்றாள் அத்தை. "கூத்துன்னா உசிரு. நான்தான் ஒண்டியா இட்டுகினு போறேன். அவருக்கு வேல."

எனக்கு அத்தையின் சாமர்த்தியம் பிடித்திருந்தது. கேட்டில் சொல்வதற்கு இதுவும் ஒரு ஒத்திகை என்று புரிந்துகொண்டு, நானும் தலையை ஆட்டினேன்.

மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் அந்த அரங்கம் இருந்தது. வாசலில் கார்கள். வெள்ளை சாக்ஸ் போட்ட பிள்ளைகள். அப்பாமார்கள் எல்லாரும் பேண்ட் போட்டிருந்தார்கள். கேட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நின்று பாஸைக் கிழித்துக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், உள்ளே விடமாட்டார், இவ்வளவு தூரம் வந்து வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்து அத்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காக்கிச் சட்டைக்காரர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாஸை வாங்கிக் கிழித்தார். "ஜல்தி போங்க, ஜல்தி" என்றார்.

அத்தை நகரவில்லை. "இது என் பொண்ணுங்க" என்றாள்.

"சரி போம்மா."

"நான்தான் இவ அம்மா."

"யாரு இல்லன்னாங்க? வழிய உடும்மா, பின்னால ஆளு நிக்குது."

நான் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர்தான் கேட்கவே இல்லையே, வலியப் போய்ச் சொல்லி எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்? அவ்வளவு ஒத்திகையும் வீணாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உள்ளே ஜில்லென்று இருந்தது. நாற்காலி மெத்தென்று இருந்தது. அத்தை உட்கார்ந்து "யப்பா தேவுடா" என்றாள். விளக்கு அணைந்தது, அவளும் அணைந்தாள். தலை என் தோளில் வந்து விழுந்தது.

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்வது? அட்டையில் இருந்தவள் எழுந்து வந்துவிட்டாள். ஒருத்தி இல்லை, மேடை நிறைய. கை வீசினால் காற்று அவர்களுக்கு வழி விட்டது. எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஆனால் அட்டையில் இல்லாத ஒன்றும் மேடையில் இருந்தது. சத்தம். அவர்கள் குதித்து இறங்கும்போதெல்லாம் பலகையில் தொம் தொம் என்று கேட்டது. நைனா மிதியை மிதிக்கிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விரல் நுனியில் நிற்கிறவர்களுக்குக் கனமே இருக்காது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி ஆட்டம் வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. தோளில் அத்தையின் தலை வேறு கனத்துக்கொண்டே போனது. அசைந்தால் எழுந்துவிடுவாளே என்று இல்லை, எழுப்பியும் பார்த்தேன், அசைத்தும் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் கதர்ப் புடவை கட்டிய ஒரு பெண்மணி மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார். குழந்தைகள் எல்லோரும் மேடைக்கு வரலாம், ஆனால் தனியாக வரக் கூடாது, அம்மாவோ அப்பாவோ கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும் என்றார். வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாயின. சாக்ஸ் போட்ட பிள்ளைகள் ஓடினார்கள். எங்கள் வரிசையில் நானும் அத்தையும்தான் மிச்சம்.

"அத்த! அத்த, எழுந்திரு!"

அசையவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். தொடையில் கிள்ளினேன். காதுக்குள் "அத்த, அத்த" என்று கத்தினேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு அவள் தூங்கினாள். முந்தின ராத்திரித் தூக்கத்தையும் ஒரே மத்தியானத்தில் தூங்கித் தீர்ப்பவளின் தூக்கம். மேடை நிறைந்துகொண்டிருந்தது. இனிமேல் இடம் இருக்காது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அழுகையோடு கத்தினேன்.

"அம்மா!"

நான் அவளைக் கூப்பிட்டதாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பயம் வந்தால் யாரும் கத்துவதுதானே. அத்தை விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாடா கண்ணு? இதோ கீறேன், இதோ கீறேன்" என்று என்னை இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டாள். அவள் என்னை அதற்குமுன் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. பஸ்ஸில் அவ்வளவு ஒத்திகை பார்த்தது தூக்கத்திலும் ஞாபகம் இருக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேடைப் படிக்குக் கீழே அத்தை செருப்பைக் கழற்றினாள். ஆட்டம் ஆடுகிற இடத்தில் செருப்போடு ஏறுவதா? படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னையும் ஒற்றிக்கொள்ளச் சொன்னாள். பின்னால் வந்த பேண்ட் போட்ட அப்பா ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். மேலே ஒரு ஆட்டக்காரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் பூசியிருந்த சாயம் வியர்வையில் வரிவரியாக இறங்கியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். நான் வாய் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை அவள் பாவாடை விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"பட்டு இல்லடி. நைலானு" என்று என் காதில் சொன்னாள். எனக்கு மானம் போயிற்று.

கதர்ப் புடவைக்காரர் ஆட்டக்காரி சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "அம்மா, நீங்க பின்னால நின்னு பாப்பாவோட இடுப்பைப் பிடிச்சிக்குங்க. பாப்பா கால் நுனியில நிக்கட்டும். பயப்படாம தூக்குங்கம்மா, உங்க பாப்பாதானே."

அத்தை தூக்கினாள். என் குதிகால் எழுந்தது, பிறகு விரல்களும் கொஞ்சம் எழுந்தன. கையை விரித்தேன். அட்டையில் இருந்தவள் நான்தான். சுற்றிலும் எல்லா அம்மாக்களும் எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பியானோ வாசித்தது. பிறகு இறக்கலாம் என்றார்கள். இறக்கினார்கள். அத்தை இறக்கவில்லை. "இறக்கலாம்மா" என்று கதர்ப் புடவைக்காரர் மறுபடி சொன்னார். அத்தையின் விரல்கள் என் விலாவில் பதிந்து வலித்தன.

"கை நோவலியா உனுக்கு?" என்று நானே கேட்டேன்.

"இல்ல" என்றாள் அத்தை. தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றும்போதே முனகுகிறவள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குக் கால் விண்விண் என்று தெறித்தது. கெட்டிப் பலகையில் நின்ற விரல்கள் வீங்கியிருந்தன. அத்தை தூங்கவில்லை. பகலெல்லாம் தூங்கியவளுக்கு ராத்திரி எங்கே வரும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரப் பெண்ணிடம் பேசிக்கொண்டே வந்தாள். என் பொண்ணு மேடையில ஆடுச்சு, நான்தான் தூக்கிப் புடிச்சேன், அந்த வெள்ளக்காரம்மா என் கையப் புடிச்சிக்கினா, என் பொண்ணு வயித்துல இருக்கும்போதே ஒதைப்பா என்று அவள் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு பொய்யா? நான் அவள் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டேன்.

"வாசலத்தான் தாண்டியாச்சே. இன்னும் இன்னாத்துக்கு அம்மா அம்மான்ற?"

அத்தை என் வீங்கிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் விரலாக அமுக்கிவிட்டாள்.

"ஊரு வர்ற வரைக்கும் இருக்கட்டும்டி" என்றாள்.

எனக்கு மறுத்துப் பேசவும் தெம்பு இல்லை. சரி என்றேன். பஸ் ஆரணிக்குள் நுழைந்து, தெரிந்த கடைகள் வர ஆரம்பித்ததும், அத்தை என் காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள். வாடின பூவைத் தலையிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

வீட்டில் கற்பூர வாசனை இன்னும் இருந்தது. தறியில் புதுப் பாவு, மாம்பழ நிறம், குங்குமப் பொட்டோடு இழுத்துக் கட்டியிருந்தது. நைனா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் வந்ததைப் பார்த்துத் தலையை அசைத்தார். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அத்தையிடம் கேட்டாள்.

"வாசல்ல கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், வாய் நிறையச் சோறு.

"கேட்டாங்க அண்ணி" என்றாள் அத்தை. "எல்லாருமே கேட்டாங்க."

அம்மாவின் கரண்டி நின்றது. அத்தையை ஏறிட்டுப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் பாயைச் சுருட்டிக்கொண்டு போய், ராட்டை பக்கத்தில் அத்தையின் பாயை ஒட்டிப் போட்டாள். "இன்னிக்கி நீ அத்தகிட்ட படுத்துக்கோ" என்றாள். எனக்கு அது தண்டனையாகப் பட்டது. அத்தை முனகுவாள், காலைத் தூக்கி மேலே போடுவாள். நான் என்ன தப்பு செய்தேன்? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

அன்று அத்தை முனகவில்லை. "யப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு குலுங்குவது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அந்த முந்தானையில் என் வாந்தி வாடை இன்னும் போகவில்லை. எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. திரும்பும்போது மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டில் குழாயடியில் நின்று, நான் அவ்வளவு சொல்லியும் கேட்காமல், இரண்டு கை நிறையக் குடித்தாளே.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். "அம்மா, அத்தைக்கு மெட்ராஸ் தண்ணியும் ஒத்துக்கல" என்றேன்.

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஆமாண்டி" என்றாள். "நீ போயி அவ பக்கத்துல படு."